கல்லோயாக் கரையினிலே

காட்டையும் நீரையும் காணச் செல்வது வேலையற்ற வசதிக்காரரின் பொழுதுபோக்கு என்று கருதும் நண்பர்கள் நம்மிடையே பலர் உளர். வயிற்றுப் பசி தீராத நாட்டிலே பறவைகளின் வண்ணத்தைப் பற்றிப் பேசுவதா என்று அவர்கள் வினவுகின்றனர். வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், அழகும் ஓய்வும் செல்வருக்கே உரியவை என்று நாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டால், உழைக்கும் மக்களுக்கு எஞ்சுவது யாது? எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர் இயக்கம், எஞ்சிய மணிகளில் மனிதனாக வாழும் உரிமைக்காகவும் போராடிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்கு நேர் எதிரான நோக்கும் ஒன்றுண்டு. உல்லாசப் பிரயாணத் துறையினரின் விளம்பரத் தாள்களில் அதனைக் காணலாம். அங்கே காடு உண்டு, நீர் உண்டு, யானை உண்டு, மனிதன் மாத்திரம் இல்லை. எவரும் கால் வைத்தறியாத நிலம் போலவே யாவும் காட்சி தருகின்றன. இவ்விரு நோக்குகளும் பாதி உண்மையையே காண்கின்றன என்பதை எனக்கு உணர்த்தியது கல்லோயாப் பள்ளத்தாக்கு.

சென்ற வைகாசியில், உயர்தர வகுப்பு மாணாக்கர் பன்னிருவருடன் சக ஆசிரியர் ஒருவரும் நானும் இங்கினியாகலைக்குச் சென்றோம். அம்பாறைக்கு அப்பால், மலைகளும் காடுகளும் சூழ விரிந்து கிடக்கிறது சேனநாயக்க சமுத்திரம். கடலன்று, ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். அதனைச் சூழ்ந்ததே கல்லோயாத் தேசிய வனம். பிற வனங்களில் வண்டியில் இருந்தவாறே விலங்குகளைக் காண்பர். இங்கோ படகிற் செல்வதே சிறப்பு. வனசீவராசிகள் அலுவலகத்தில் அனுமதி பெற்று, பொழுது புலரும் வேளையில் இரண்டு படகுகளில் ஏறினோம்.

நீர் நடுவே பட்டுப்போன மரங்கள் கரிய தூண்களாய் நின்றன. அவற்றின் கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகுகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டது. பறவைத் தீவு என வழங்கும் பாறைத்திட்டை அணுகியபோது, அங்கிருந்து எழுந்த ஒலி படகின் இயந்திர ஓசையையும் மேவிற்று. சற்றுத் தொலைவில் யானைகள் சில, ஒரு தீவிலிருந்து மறுகரைக்கு நீந்திச் செல்லக் கண்டோம். உடல் முழுவதும் நீரில் மறைய, தும்பிக்கையின் நுனி மாத்திரம் மேலே உயர்ந்து மூச்சு வாங்கிற்று. கரையேறிய யானைகள் ஈரம் சொட்டச் சொட்டப் புல்வெளியில் நடந்தன. வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி எழுந்து நின்று கைகொட்டினாள். ‘இரு பிள்ளை, இரு! படகு சரியப் போகுது’ என்று சக ஆசிரியர் அவளை இருத்த வேண்டியதாயிற்று. அந்த மகிழ்ச்சியை வீண் ஆடம்பரம் என்று எவர் சொல்வார்?

‘இந்த மாதங்களில் மட்டும் ஏன் சேர் யானைகள் கரைக்கு இவ்வளவு வருகின்றன?’ என்று மாணவன் ஒருவன் கேட்டான். அக்கேள்வியைப் படகோட்டியிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் கரையில் புல் முளைக்கும், புல் முளைத்தால் யானை வரும்’ என்றார்.

இச்சிறு விடையினுள் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. வாடைக்காற்று மழையால் மார்கழி, தை மாதங்களில் நீர்த்தேக்கம் நிரம்புகிறது. சிறுபோக வேளாண்மைக்கென மதகுகள் திறக்கப்பட, நீர்மட்டம் படிப்படியாகத் தாழ்கிறது. நீர் விலகிய சேற்று நிலத்தில் இளம்புல் தளிர்க்கிறது. காட்டில் மேய்ச்சல் வறண்டுபோகும் அக்காலத்தில் யானைகளை அப்புல் கரைக்கு அழைக்கிறது. கீழே சமவெளியில் ஓர் உழவன் தன் வயலுக்கு நீர் பாய்ச்சுவதனாலேதான் மேலே பிரயாணி யானையைக் காண்கிறான்! மனிதனற்றது என விளம்பரப்படுத்தப்படும் இக்காட்சியின் அடித்தளத்தில் மனித உழைப்பே கிடக்கிறது.

இந்நீர்ப்பரப்பின் வரலாறும் அதனையே கூறும். பட்டிப்பளை ஆறு என்று தமிழ் மக்களும் கல்லோயா என்று சிங்கள மக்களும் வழங்கும் ஆறு, ஊவா மலைப்பகுதியில் தோன்றிக் கல்முனைக்குத் தெற்கே கடலிற் கலக்கிறது. சுதந்திர இலங்கையின் முதலாவது பெருந்திட்டமாக, அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு, 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்கக் கம்பனியான மொரிசன் நட்சன் இங்கினியாகலையில் அணையைக் கட்டிற்று. ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் அத்தேக்கத்துக்கு முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர்களோ எந்தக் கல்லிலும் இல்லை. 1954 இல், நீரேந்து பகுதியைப் பாதுகாக்கும் நோக்குடன் ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர், அதாவது 100 சதுர மைல் நிலம் தேசிய வனமாக்கப்பட்டது. மலைச்சரிவிற் காடு இருந்தால் மண் நிலைக்கும். காடு அழிந்தால் மண் அரித்து வந்து நீர்த்தேக்கத்தைத் தூர்க்கும். எனவே, வயலுக்கு நீர் வேண்டியே காடு காக்கப்பட்டது. உழவும் வனமும் பகையென்று கூறுவோர் இதனைச் சிந்திப்பாராக.

ஆயினும் இக்கணக்கின் மறுபக்கத்தில் ஒரு கடன் எழுதப்பட்டிருக்கிறது. அதனை மறுநாள் காட்டில் நடந்தபோது கண்டோம்.

இவ்வனத்தை அடுத்து, மொனறாகலை மாவட்டத்தில் இரத்துகலை என்னும் வேடர் கிராமம் இருக்கிறது. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இப்பிரதேசத்து வேடர் குடும்பங்களின் வாழ்க்கை விரிவாகப் பதிவாகியுள்ளது. நீர்த்தேக்கம் தோன்றியபோது அவர்களுடைய வேட்டைக் காடுகளில் ஒரு பகுதி நீரில் மூழ்கிற்று. மற்றொரு பகுதி தேசிய வனமாயிற்று. இன்று அக்கிராமத்தவர் சிலர் பிரயாணிகளுக்கு வழிகாட்டுகின்றனர். எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர், தோளிற் கோடரியுடன், எங்களைக் கிராமத்தை அண்டிய காட்டினூடே அழைத்துச் சென்றார்.

உயர்ந்த புல்லும் இடையிடையே மரங்களுமாக விரிந்த நிலம் அது. கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை என ஒவ்வொன்றையும் அவர் தொட்டுக் காட்டினார். திரிபலா என நம் வைத்தியர் வழங்கும் மருந்தின் மூன்று காய்களும் ஒரே வெளியில் நிற்பதைக் கண்டு மாணாக்கர் வியந்தனர். கோடையில் புல் தீப்பற்றும். தடித்த பட்டையுடைய இம்மரங்கள் அத்தீயைத் தாங்கி நிற்கும் என்று அவர் விளக்கினார். கரடியின் நகம் பதிந்த அடிமரத்தையும், தேனீக்கள் போகும் திசையையும் காட்டினார். புத்தகத்தில் எத்தனை பக்கங்கள் படித்தாலும் கிட்டாத அறிவு அது.

‘சீயா, நீங்கள் படகில் போய் யானை பார்ப்பீர்களா?’ என்று கேட்டான் சிங்களம் சற்று அறிந்த ஒரு மாணவன்.

‘நான் படகில் ஏறியதில்லை, மகனே. அந்தத் தண்ணீருக்கு அடியில் என் தகப்பனார் நடந்த பாதை இருக்கிறது’ என்றார் முதியவர். குரலில் கோபமில்லை. அதன்பின் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

தேசிய வனத்தினுள் வேட்டையாடுவதும் தேன் எடுப்பதும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. வனத்தைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காசு கொடுத்தவன் விருந்தினனாக உள்ளே செல்ல, அக்காட்டை அறிந்தவன் எல்லையில் நிற்பது எந்த நீதி? 1983 இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் உருவானபோது தம்பானை வேடருக்கும் இதுவே நேர்ந்தது. காட்டின் காவலில் அவர்களுக்குப் பங்கும், அதனால் வரும் வருவாயில் உரிமையும் வேண்டும். கூலிக்கு வழிகாட்டும் வேலை அவ்வுரிமைக்கு ஈடாகாது.

திரும்பும் வழியில் இடதுகரை வாய்க்காலைக் கண்டோம். அணைக்கு முன்னரே இந்த ஆற்று நீரில் நெல் விளைவித்தவர் கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் உழவர். அணைக்குப் பின்னர்க் குடியேற்றப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் பிற மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள ஏழை உழவர். தமிழ் மக்களின் மனத்தில் இது ஆறாத ஐயத்தை விளைத்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர், இப்பள்ளத்தாக்கிலேயே தமிழர் பலர் கொல்லப்பட்டனர். அழகிய நீர்ப்பரப்பைக் காட்டும் ஆசிரியன் இதனையும் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லுதல் வேண்டும். காலப்போக்கில் வாய்க்கால்கள் சிதைந்து, தலைப்பகுதியார் நீரை மிகையாகப் பெற, கடைக்கோடி வயல்கள் காய்ந்தன. அக்கடைக்கோடியில் இருந்தோருள் தமிழர் பலர். நீர்த்தேக்கத்தில் கால்வாசி நீரே இருந்த 1981 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும் கோர்ணல் பல்கலைக்கழகமும் தொடக்கிய முயற்சியின் பயனாக, உழவர் சிறு குழுக்களாக அமைந்தனர். சிரமதானத்தால் வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பங்கிட்டனர். தலைப்பகுதிச் சிங்கள உழவர் தாம் மீதப்படுத்திய நீரைக் கடைக்கோடிக்கு விட்டனர். அது நிகழ்ந்து இரண்டே ஆண்டுகளில், 1983 இல், நாடு தீப்பற்றி எரிந்தது. ஆயினும் இனம் கடந்து நீர் பகிர முடியும் என்பதை, மேடைப் பேச்சாளரல்லர், சேற்றில் நின்ற உழவரே நிலைநாட்டினர்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. உங்கள் மாணாக்கரைக் காடுகளுக்கும் குளக்கரைகளுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நீந்தும் யானையைக் கண்டு கைகொட்டட்டும். மரங்களின் பெயர்களைத் தங்கள் மொழியிலும் அயலவர் மொழியிலும் கற்கட்டும். அத்துடன் இந்த நீரை யார் தேக்கினர், யார் இழந்தனர், யார் பங்கிட்டனர் என்றும் கேட்கட்டும். படகுக் கூலி கொடுக்க இயலாத பிள்ளைக்கும் அக்கரையைக் காணும் வாய்ப்பைப் பெற்றுக் கொடுப்பது பாடசாலையின் கடமை. ஏனெனில், தன் நாட்டின் காட்டையும் நீரையும் தன்னுடையவை என்று உணர்ந்த தலைமுறையே அவற்றைக் காக்கும். அவற்றில் அயலானுக்கும் பங்குண்டு என்று உணர்ந்த தலைமுறையே இந்நாட்டைக் காக்கும்.