பதினான்கு சைபர்

விக்டோரியா அருவியைப் பார்க்க ஏப்ரலில் போனால் அருவி சரியாகத் தெரியாது. அந்த மாதத்தில்தான் ஜாம்பெசி நதி நிரம்பி ஓடும். 1,708 மீட்டர் அகலத்துக்கு விரிந்த தண்ணீர், நூறு மீட்டர் ஆழமுள்ள பிளவுக்குள் மொத்தமாக விழும். விழுந்த வேகத்தில் எழும்பும் சாரல் அருவியையே மூடிவிடும். அங்கே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் 'மோசி-ஓ-துன்யா', இடிமுழங்கும் புகை. 1855 நவம்பரில், தண்ணீர் குறைந்திருக்கும் மாதத்தில் வந்த லிவிங்ஸ்டன் தன் நாட்டு ராணியின் பெயரை வைத்துவிட்டுப் போனார்.

நானும் மனைவியும் ஜிம்பாப்வே பக்கம் தங்கியிருந்தோம். அன்றைக்கு எந்தத் திட்டமும் கிடையாது. சஃபாரி வேண்டாம், பஞ்ஜி வேண்டாம், சும்மா நடக்கலாம் என்று முடிவு. வாசலில் வாடகைக்கு எடுத்த ரெயின்கோட் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அருவிக்கு எதிர்க்கரையில், சாரலை மட்டுமே நம்பி வளர்ந்த ஒரு குட்டி மழைக்காடு. அதைத் தாண்டி விளிம்புக்குப் போனால் வெறும் வெள்ளைச் சுவர்.

"பாக்க வந்தோமா, குளிக்க வந்தோமா?" என்றாள்.

திடீரென்று காற்று திரும்பும். இரண்டு விநாடி ஒரு ஜன்னல் திறந்து கறுப்புப் பாறையும் தண்ணீரும் தெரியும். எல்லாரும் கத்துவார்கள். மறுபடி மூடிவிடும். மேற்கு ஓரத்தில் இருக்கும் டெவில்ஸ் கேட்டராக்ட் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்ற பகுதியைவிட அதன் விளிம்பு தாழ்வு. நதி அடுத்து அங்கேதான் அறுத்துக்கொண்டு பின்வாங்கும் என்கிறார்கள். கீழே வளைந்து வளைந்து போகும் பள்ளத்தாக்குகள் எல்லாமே ஒரு காலத்தில் அருவி விழுந்த இடங்கள்தான்.

மதியம் சட்டை காய்ந்ததும் பாலத்துக்கு நடந்தோம். 1905இல் கட்டிய இரும்புப் பாலம். அந்தப் பக்கம் ஜாம்பியா. பாதிப் பாலத்தில் ஒருவர் கூடவே நடந்து வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கையில் பழைய நோட்டுக் கட்டு.

"நூறு டிரில்லியன் டாலர், பிரதர். அஞ்சு அமெரிக்கன் டாலர்தான்."

"ஒரிஜினலா?"

"நோட்டு ஒரிஜினல். பணம்தான் இல்ல."

எண்ணிப் பார்த்தேன். ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சைபர். 2006இல் ஜிம்பாப்வே டாலரிலிருந்து மூன்று சைபரை வெட்டினார்கள். 2008 ஆகஸ்டில் பத்து. அதற்குப் பிறகு ஐந்தே மாதத்தில் இந்த நோட்டு வந்தது. அடுத்த மாதமே இன்னும் பன்னிரண்டு சைபர் போயிற்று. 2015இல் அரசு கடைசியாகக் கணக்கு முடித்தபோது, வங்கியில் 175 குவாட்ரில்லியன் வரை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது மொத்தம் ஐந்து அமெரிக்க டாலர்.

என் வேலையில் சைபரை வெட்டுவது சின்ன விஷயம். ராத்திரியில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், காலையில் லட்சக்கணக்கான வரிகள் மாறியிருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பெயர் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது.

"எங்க அம்மா டீச்சர்" என்றார் அவர். "முப்பது வருஷம் சேத்து வச்ச பணம். எடுக்கப் போன அன்னைக்கு, திரும்பி வர்ற பஸ்ஸுக்குக்கூடப் பத்தல."

சிரித்தபடிதான் சொன்னார். நூறு முறையாவது சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அதனால் அது பொய்யாகிவிடாது. நோட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஒரு காட்டெருமை, பக்கத்தில் விக்டோரியா அருவி.

"நேர்ல பாக்க முடியலல்ல? இதுல பாத்துக்கோங்க."

ஐந்து டாலர் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. மனைவி தயங்கித்தான் கேட்டாள். "அம்மா இப்ப?"

"இருக்காங்க. வீட்லயே பசங்களுக்கு ட்யூஷன் எடுக்கறாங்க."

"என்ன பாடம்?"

"கணக்கு" என்றார். அதற்குள் பாலத்தின் அந்த முனையில் வேறொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. கட்டைச் சரிசெய்துகொண்டு அவர்களை நோக்கி நடந்தார்.