தொரை, எங்களைச் சுடுவீங்களா?

என் கொள்ளுத்தாத்தா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவரைப் பற்றித் தாத்தா சொல்லும் கதைகளில் ஒன்று இது. கூட வேலை பார்த்த சார்ஜ்மேன் ஒரு சட்டைக்காரர் (ஆங்கிலோ இந்தியர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்களாம்). பகலெல்லாம் எண்ணெய்க் கறையோடு நிற்பவர், சில நாள் சாயங்காலம் காக்கி மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு பரேடுக்குப் போவாராம்.

ரயில்வேக்காரருக்கு எதற்குத் துப்பாக்கி? இந்தச் சந்தேகத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பயம். பட்டாளத்தை ஊர் ஊராகக் கொண்டுபோவது ரயில்தான். தண்டவாளம் போனால் எல்லாம் போச்சு! அதனால் டிரைவர், கார்டு, ஃபிட்டர் என்று ரயில்வே ஆட்களுக்கே சுடப் பழக்கி, கம்பெனிக்கொரு தொண்டர் படை அமைத்தார்கள். நம்ம சவுத் இந்தியன் ரயில்வேயிலும் 1884ல் ஒன்று வந்தது. 1917ல் இந்தப் படைகள் இந்தியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தன. 1920 சட்டத்தில் துணைப் படை என்று பெயர் மாறின.

பெயர்தான் 'தொண்டர்'. பல ரயில்வேக்களில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் வேலைக்குச் சேரும்போதே இதிலும் சேர்ந்தாக வேண்டும். இந்தியர்களுக்கோ பெரும்பாலும் இடமே இல்லை. எங்களையும் தொண்டர் படையில் சேருங்கள் என்று 1886 கல்கத்தா காங்கிரஸிலேயே தீர்மானம் போட்டுக் கேட்டார்கள். கதவு திறக்கவில்லை. ஒரே பட்டறை, ஒரே சங்கு, ஆனால் துப்பாக்கி மட்டும் ஒரு பக்கம்.

1928ல் சிங்காரவேலர் காலத்து ஸ்ட்ரைக் இந்த ரயில்வேயையே நிறுத்தியது. கலகம் என்றால் அடக்கக் கூப்பிடுவது துணைப் படையையும்தான். அதை நினைத்துத்தானோ என்னவோ, கொள்ளுத்தாத்தா ஒருநாள் கேட்டாராம்:

"நாளைக்கு ஸ்ட்ரைக் வந்தா எங்களைச் சுடுவீங்களா தொரை?"

அவர் பதில் சொல்லவில்லையாம். ரொம்ப நேரம் கழித்து, "வேலை போயிடும் மேன்" என்று மட்டும் சொன்னாராம்.

1946 செப்டம்பர் 5ல் பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்து 5 தொழிலாளர்கள் செத்தார்கள். சுட்டது மலபார் ஸ்பெஷல் போலீஸ், இந்தப் படை இல்லை. 1947ல் துணைப் படையையே கலைத்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் இந்தக் கதையில் எனக்குச் சார்ஜ்மேன் மேல் கோபம்தான் வரும். இப்போது, விருப்பப்பட்டு எடுக்காத துப்பாக்கியோடு நின்ற அவரையும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய ரயில்வேக்காரர் இருந்தால், ஒருநாள் உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள்.