காசில் நீந்தும் மீன்

சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசு ஒன்றில் ஒருபுறம் குதிரையும், தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’ என்னும் பெயரும் உள்ளன. மறுபுறம் கோடுகளால் அமைந்த மீன். அதன் படத்தை எங்கள் லோயர் கேம்ப் அன்பியக் கூட்டத்தில் காட்டியபோது, ‘இது கிறிஸ்துவின் மீனன்றோ!’ என மகிழ்ந்தார் பெரியவர் ஒருவர். இயல்பான ஆசைதான். ஆயினும் அக்காசு கிறிஸ்து பிறப்புக்கு முற்பட்டதென்பர் அறிஞர். தோமையார் வந்ததாக மரபு கூறும் ஆண்டோ கி.பி. 52. கிறிஸ்தவர்கள் மீனைத் தம் அடையாளமாக்கியது அதற்கும் பின்னரே.

இத்தாலியில் எத்ருஸ்கரின் பொப்புலோனியா நகர் இரும்பு உருக்கி வாழ்ந்தது. அதன் வெண்கலக் காசில் சுத்தியலும் குறடும் பொறித்தார்கள். பாண்டியர்க்கு மீன் குலச்சின்னம்.

பெரியவரிடம் சொல்லத் தயங்கினேன். பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை உறுத்தவே, சொன்னேன். அவர் முகம் சற்றே வாடிற்று. பிறகு, ‘அந்தக் குதிரையை இன்னொருமுறை காட்டுங்கள் தம்பி’ என்றார்.