கோழி அடைச்சாச்சா?

ஆச்சிக்கு என் பெயர் மறந்துவிட்டது. ஆனால் பொழுது சாய்ந்தால் "கோழி அடைச்சாச்சா?" என்று கேட்பாள். கோழிகளை விற்றுப் பல வருஷமாச்சு. நாங்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

போன வாரம் டாக்டர் பில் தாமஸ் பற்றிப் படித்தேன். 1990-களின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லினில் ஒரு முதியோர் இல்லத்துக்கு 2 நாய், 4 பூனை, 100 கிளிகளைக் கொண்டுவந்தவர். அங்கிருந்த 80 பேரில் பெரும்பாலோருக்கு மறதி நோய். கிளிகளுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள். பேச்சே இல்லாதவர்கள் பேசினார்கள். முடங்கிக் கிடந்தவர்கள், நாயை நான் கூட்டிப்போகிறேன் என்று எழுந்து வந்தார்கள்.

ஆச்சிக்கு மருந்து கொடுக்கிறோம், சோறு ஊட்டுகிறோம். ஒரு வேலை கொடுக்கத் தோன்றவில்லையே!

நேற்று இரண்டு கோழிக்குஞ்சு வாங்கினேன். சாயங்காலம் வழக்கம்போலக் கேட்டாள். "நீயே வந்து அடை ஆச்சி" என்றேன். வந்தாள். என் பெயர் இன்னும் ஞாபகம் வரவில்லை. ஆனால் கூட்டுக் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.