இரண்டு குத்துக்கு நடுவே

அந்தப் பெண் ஸ்ப்ரே டப்பாவை முழுதாக அழுத்தவில்லை. பாதி அழுத்தத்தில் விரலை நிறுத்தியிருந்தார். பெயிண்ட் புகையாகப் பரவாமல் துளித்துளியாகத் தெறித்து, வெள்ளை பூசிய இரும்புப் பட்டையின் மேல் கறுப்புப் பொட்டுகளாக விழுந்தது. "முழுசா அமுக்கினா பவுடராட்ட விழுந்துருமுங்க. கேமராவுக்கு ஆகாது" என்றார்.

கோவையில் பீளமேட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தச் சோதனைக்கூடம். சுற்றுவட்டார ஃபவுண்டரிகளிலிருந்து டெஸ்ட் பார்களைச் சாக்கில் போட்டு டூவீலரில் கொண்டுவருகிறார்கள். இழுத்துப் பார்த்து, எவ்வளவு லோடில் அறுந்தது, எவ்வளவு நீண்டது என்று எழுதிக் கொடுப்பதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. நான் போனதோ மெஷினுக்கு எதிரே முக்காலியில் நிறுத்தியிருந்த இரண்டு கேமராக்களைப் பார்க்க.

மெஷின் ஓட்டும் பெரியவருக்குத் தலை முழுக்க நரை. "அப்பெல்லாம் சென்டர் பஞ்ச் வெச்சு ரெண்டு குத்துங்க. நடுவுல 50 மில்லி. இழுத்து அறுந்த பொறவு ரெண்டு துண்டையும் ஒட்டவெச்சு வெர்னியர்ல புடிச்சா 65னு வரும். பதினஞ்சு மில்லி நீண்டிருக்குது. எந்த எடத்துல நீண்டுச்சு? அது இரும்புக்குத்தானுங்க வெளிச்சம்."

பொட்டுகள் வந்தது அந்தக் கேள்விக்காகத்தான். இழுக்கும் முன் ஒரு படம், இழுக்க இழுக்க அடுத்தடுத்த படங்கள். முதல் படத்தை மென்பொருள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தின் பொட்டுகளும் அடுத்த படத்தில் எங்கே போயின என்று தேடுகிறது. ஒரு பிக்சலில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடும். இரண்டு குத்து இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான குத்துகள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது.

பொட்டுகள் ஒரே மாதிரி, வரிசையாக இருந்தால் காரியம் கெட்டுவிடும். எந்தக் கட்டம் எதுவென்று மென்பொருளுக்கு அடையாளம் தெரியாது. பெரிய உருப்படிகளுக்கு மார்க்கர் பேனாவால் வைக்க வேண்டும். "வாசல்ல புள்ளி வெச்ச கை பாருங்க, தானா வரிசைக்குப் போயிரும். அதை மாத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு" என்று சிரித்தார் அந்தப் பெண்.

வெளிச்சத்தைக் கொண்டு இறுக்கத்தைப் பார்க்கும் வித்தை பழசு. கண்ணாடியை அழுத்தினால் அதனூடே போகும் முனைவாக்கிய ஒளியில் வண்ணங்கள் தோன்றுவதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டேவிட் புரூஸ்டர் கண்டுவிட்டார். அந்த வண்ணப் பட்டைகளைக் கம்ப்யூட்டரில் படித்தெடுக்கும் முறைகளை விளக்கிச் கான்பூர் ஐஐடியில் இருந்தபோது கே. ரமேஷ் எழுதிய புத்தகம் 2000இல் வந்தது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பொருளில் மாதிரி செய்ய வேண்டும். வார்த்தெடுத்த இரும்பை அப்படியே வைத்துப் பார்க்கப் பொட்டுகள்தான் தோது.

பெயிண்ட் கொஞ்சம் காயட்டும் என்றார்கள். அதிகம் காயவும் விடக்கூடாது, இழுக்கும்போது பொருக்குவிட்டுவிடும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளைஞர் பழைய வேலை ஒன்றைக் காட்டினார். 500/7 ரக எஸ்ஜி அயர்னில் வார்த்த ஒரு பிராக்கெட். குறைந்தது 500 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும், 7 சதவீதம் நீள வேண்டும் என்பது அந்தப் பெயரின் பொருள். கம்ப்யூட்டர் மாதிரியில், இறுக்கம் அங்கேதான் அதிகம் என்று ஒரு மூலை சிவந்திருந்தது. விரிசல் விட்டதோ வேறு இடத்தில்.

"மாடல்ல அடிப்பக்கத்தை அசையவே அசையாதுன்னு குடுத்துட்டேனுங்க" என்றார். பொட்டு வைத்துப் படம் பிடித்தபோது, ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் அடித்தட்டு மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொண்டது தெரிந்திருக்கிறது. அந்தத் தூக்கலை மாதிரியில் சேர்த்ததும் சிவப்பு விரிசல் விட்ட வளைவுக்கு நகர்ந்துவிட்டது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வண்ணப்படம் என்றாலே நம்பிவிடுகிற புத்தி எனக்கு உண்டு. அவரோ முதலில் இரண்டுக்கும் வண்ண அளவுகோல் ஒன்றுதானா என்று பார்க்கச் சொன்னார். அதை மாற்றினால் எந்தப் படத்தையும் எதனோடும் பொருந்தவைத்துவிடலாமாம்.

பெரியவருக்கு முழுத் திருப்தி இல்லை. "கேமராவுக்குத் தோல்தானுங்க தெரியும். உள்ள ஷ்ரிங்கேஜ் இருந்தா?" வார்ப்பு ஆறும்போது உள்ளே விழும் சுருங்கல் குழியைச் சொல்கிறார். மாதிரிக்கும் அது தெரியாது, நாம் வரைந்து காட்டினாலொழிய. இளைஞர் மறுத்துப் பேசவில்லை.

பட்டையைத் தாடைகளில் கவ்வவிட்டார்கள். மைல்ட் ஸ்டீல். லோடு ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. திரையில் பட்டை முழுவதும் நீலம். மேல்முனையில் மட்டும் சாய்வாக ஒரு மஞ்சள் கோடு. அது அகன்று, மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. அதற்கு மேலே இருந்த இரும்பு நீண்டுவிட்டது. கீழே இருந்தது இன்னும் அசையவில்லை. லூடர்ஸ் பட்டை என்று பாடத்தில் படித்தது. ஆனால் இரும்பு இப்படி முறைவைத்து நீளும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். பக்கத்துத் திரையில் கம்ப்யூட்டரின் பட்டை முழுக்க ஒரே சீராக நீண்டுகொண்டிருந்தது. "எளிமையான மாடலுங்க, இதைச் சொல்லித்தரணும்" என்றார் இளைஞர், கொஞ்சம் கூச்சத்தோடு.

கோடு கீழ்முனையைத் தொட்டதும் லோடு மறுபடி ஏறியது. கடைசியில் பட்டையின் நடுவில் இடுப்புபோல ஒடுங்கி, பட்டென்று அறுந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர்கள் யாரும் பொத்தவில்லை.

பெரியவர் இரண்டு துண்டுகளையும் எடுத்து, அறுந்த வாயோடு வாய் பொருத்தி, வெர்னியரை வைத்தார். எதற்கு இது, திரையில்தான் எல்லாம் இருக்கிறதே என்று கேட்டேன்.

"ரிப்போர்ட்டுல நீட்சிக்கு ஒரு கட்டந்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு எண்ணை எழுதினார்.