மந்தம் என்னும் பெயர்

ஒரு பொருளுக்குப் பெயரிடுவது அறிவின் தொடக்கம். அப்பெயரையே அப்பொருளின் முடிவாகக் கொண்டுவிட்டால் அறிவு அவ்விடத்திலேயே நின்றுவிடும். மொழி பயில்வோராகிய நாம் இவ்வுண்மைக்கு வேதியியலிலிருந்து ஒரு சான்று காண்போம்.

ஹீலியம், நியான், ஆர்கன், கிரிப்டான், செனான் முதலியவற்றை நம் பாடநூல்கள் மந்த வாயுக்கள் என்று வழங்குகின்றன. ஆர்கன் என்னும் கிரேக்கப் பெயருக்குச் சோம்பலுடையது என்பது பொருள். 1898இல் கண்டறியப்பட்ட செனானுக்கோ அந்நியன் எனப் பொருள்படும் பெயர் அமைந்தது. இவை எதனோடும் கூடா, எதற்கும் எலக்ட்ரானைக் கொடா என்று அறிஞருலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிற்று. செனான் ஃபுளூரினோடு சேரக்கூடும் என்று லைனஸ் பாலிங் 1933இல் கருத்துரைத்தார். அவ்வாண்டு கலிபோர்னியாவில் நடந்த முயற்சி பலிக்கவில்லை. பழைய பெயரே மேலும் உறுதிப்பட்டது.

அந்த உறுதியைத் தகர்த்தது பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு. ஒரு பிளாட்டினம் அணுவைச் சுற்றி ஆறு ஃபுளூரின் அணுக்கள் எண்முகி வடிவில் அமைந்த அடர்சிவப்புத் திண்மம் அது. ஏறத்தாழ 61 பாகை செல்சியசில் உருகி, 69 பாகையில் கொதித்துச் செந்நிற ஆவியாகும். பிளாட்டினமோ பொன்னைப்போல எளிதில் வினைபுரியாத உலோகம். அதுவே ஆறு ஃபுளூரின் அணுக்களிடையே அகப்பட்டு எலக்ட்ரான் குறைந்து நிற்கும்போது, அருகில் வருவதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க முனைகிறது. நீர் பட்டால் சீறும்; ஈரம் கலந்தால் கண்ணாடியையும் அரிக்கும்.

கனடா நாட்டின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீல் பார்ட்லெட், இச்சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டார். பிறவற்றிடம் எலக்ட்ரானைப் பெறுவதையே இயல்பாகக் கொண்ட ஆக்சிஜன் இங்கே கொடுத்து நின்றது. ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க வேண்டிய ஆற்றலும், செனானிலிருந்து நீக்க வேண்டிய ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் சுமார் 12 எலக்ட்ரான் வோல்ட். அவ்வாறாயின் செனான் மட்டும் ஏன் கொடாது என்று அவர் வினவினார். 1962 மார்ச் 23ஆம் நாள் மாலை, செந்நிற ஆவிக்கும் நிறமற்ற செனானுக்கும் இடையிலிருந்த தடுப்பை உடைத்தார். அறை வெப்பநிலையிலேயே, நொடிப்பொழுதில் மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அது ஒரே சேர்மம் அன்று, கலவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அடைத்திருந்த கதவு திறந்துவிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் செனானின் ஃபுளூரைடுகள் வேறு ஆய்வுக்கூடங்களிலும் உருவாயின. அவற்றுள் ஒன்றாகிய செனான் டைஃபுளூரைடு, சிலிக்கானை அரித்து நுண்கருவிகள் அமைக்கும் தொழிலில் இன்று பயன்படுகிறது.

செனான் அன்று புதிதாக மாறிவிடவில்லை. கொடுக்கும் தன்மை என்றும் அதனிடம் இருந்தது; கேட்கத் தக்கது அதுவரை அதனை அணுகவில்லை.

மந்தம் என்னும் இச்சொல் வகுப்பறையிலும் வழங்குகிறது. கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் மாணவனுக்கு முதல் தேர்வு முடிந்ததுமே அப்பெயர் சூட்டப்படுகிறது. பின்னர் அவனை யாரும் வினாக் கேட்பதில்லை. கேளாமையால் அவன் விடை தருவதுமில்லை. விடை தாராமையே அப்பெயருக்குச் சான்றாகிவிடுகிறது. இறைவன் படைப்பில் வீண் என்று ஒன்றில்லை என நம்பும் நாம், இச்சுழலை அறிந்தும் வாளாவிருத்தல் தகுமா? பறிக்கும் வன்மை நமக்கு வேண்டா. இவனைப் போன்றே இருந்த வேறொருவன் விடை தந்துள்ளானே, இவன் ஏன் தரமாட்டான் என்று பார்ட்லெட்டைப் போல ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை போதும். அதன் பின்னர் அவனிடம் வேறொரு வினாவைக் கேட்போம்.