ஒண்ணுமில்லாத இடத்தை ஏன் படம் எடுக்கறேன்

பஸ்ஸுல, ரயில்ல, வண்டியில போறப்ப நான் எடுக்கற படங்களைப் பார்த்தவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. "இதுல என்ன இருக்கு?" எங்க அக்கா பையன் இன்னும் ஒரு படி மேல. "மாமா, போன்ல இடம் இல்ல, இடம் இல்லன்றியே, உள்ள பார்த்தா அத்தனையும் காலி கிரவுண்டு."

காலி கிரவுண்டு இல்லை அது. நவரைக்கு நாத்து விட்டாச்சு, பிடுங்க இன்னும் நாள் இருக்கு. அதனால உக்காந்து இதை எழுதறேன்.

கல்பாக்கத்துல இருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினா திருக்கழுக்குன்றம் மலை தெரியற வரைக்கும் ரெண்டு பக்கமும் திறந்த வெளிதான். கழனி, ஏரிக்கரை, பனை, நடுவுல நடுவுல மனைக்கல். செங்கல்பட்டுல சென்னைப் பக்கம் போற ரயிலைப் பிடிச்சா கொளவாய் ஏரி வரும். பெட்டியில பாதிப் பேர் போனைத் தூக்கிடுவாங்க. தெக்குப் பக்கம் போற ரயில்ல பாலாத்துப் பாலம் வரும். அங்க தண்ணி ஓடினாத்தான் தூக்குவாங்க. 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் முட்டிக்கினு வெள்ளம் வந்துதே, அப்ப எடுக்காத ஆள் இல்லை. மத்த நாள்ல அது வெறும் மணல், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, மூணு மாநிலம் தாண்டி, 348 கிலோமீட்டர் வந்து நம்ம வாயலூர்ல கடலைத் தொடற ஆறு அது. நான் அந்த மணலைத்தான் எடுப்பேன். ஊத்து தோண்டின குழி, மாடு நடந்த தடம், நாணல் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்றது, எல்லாம் மணல்லதான் தெரியும். தண்ணி வந்தா மூடிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில சனி ஞாயிறு பார்க்கணும். மாமல்லபுரம் தாண்டி ஓதியூர், முதலியார்குப்பம், மரக்காணம்னு பசங்க வண்டியை ஓரம் கட்டிட்டு எடுத்துத் தள்ளறாங்க. தப்பில்லை, கண்ணுக்கு நல்லா இருக்கறதை எடுக்கத்தான் செய்வாங்க. ஒரு தடவை மரக்காணம் உப்பளத்துக்கிட்ட டீ குடிச்சுக்கினு நிக்கறேன், ஒரு பையன் படத்தைக் காட்டி, "பாருங்க ஐயா, ஒரு ஆள்கூட இல்ல, சூப்பரா வந்திருக்கு"ன்னான். மணி பத்தரை. உப்பு வார்றவங்க விடியறதுக்கு முன்னாடியே இறங்கி, வெயில் ஏறினதும் கரையேறிடுவாங்க தம்பின்னு சொன்னேன். பாத்தியில காலடி இருக்கும், பெருசு பண்ணிப் பாருன்னேன். பார்த்தான், இருந்துது. ஒரு மாதிரி சிரிச்சான்.

ஆள் இல்லைன்னா இடம் சும்மா கெடக்குதுன்னு நெனைக்கறது இந்தக் காலத்துப் பசங்களோட பழக்கம் மட்டும் இல்லை. ஆற்காட்டு நவாப் 1763-ல நம்ம செங்கல்பட்டுச் சீமையை கம்பெனிக்காரனுக்கு ஜாகீரா குடுத்தார். அதுக்கப்புறம் 1767-லருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுன்னு ஒரு எஞ்சினியர் சுமார் 2,000 ஊரை அளந்தான். வீடு எத்தனை, ஏரி குளம் எத்தனை, மானியம் யாருக்கு எவ்வளவுன்னு ஊர் ஊரா கணக்கு. அப்ப கேமராவே கிடையாது. ஆனா என்னைக் கேட்டா நம்ம மாவட்டத்தை எடுத்த முதல் படம் அதுதான். அப்பால வந்த வெள்ளைக்காரன் கணக்குல, வரி வர்ற நிலம் ஒரு பக்கம், வராதது மறு பக்கம். வராதது புறம்போக்கு. ஏரி, குளம், சுடுகாடு, மேய்க்கால், களத்துமேடு எல்லாமே அதுக்குள்ளதான் வரும். ஊருக்குப் பொதுவா இருந்த நிலத்தோட பேரை இன்னிக்கு வாயில வையறதுக்கு வச்சிருக்கோம்.

2000-த்துல மத்திய அரசு தரிசு நிலத்துக்குன்னே ஒரு வரைபடப் புத்தகம் போட்டுது. செயற்கைக்கோள் எடுத்த படத்தை வச்சுப் பண்ணது. புதர் உள்ள நிலம், புதர் இல்லாத நிலம், கடலோர மணல்னு வகை வகையா பிரிச்சிருப்பாங்க. எல்லாத்துக்கும் மொத்தப் பேரு தரிசு. அவ்ளோ உயரத்துல இருந்து பார்த்தா புதர் தெரியும், ஆடு தெரியாது. ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டை வச்சிருக்கும், பக்கத்துல நின்னாலே நமக்குத் தெரியாது, அப்புறம் வானத்துல இருந்து எங்க தெரியப் போகுது. பள்ளிக்கரணையும் அப்படித்தான் பல காலம் ஒண்ணுக்கும் உதவாத நிலம்னு கெடந்து, ஊர்க் குப்பையைக் கொட்டற இடமாச்சு. 2007-ல மிச்சம் இருந்ததுல ஒரு பகுதியை காப்புக் காடுன்னு அறிவிச்சாங்க. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு. நம்ம வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அதே வருஷந்தான்.

நான் எப்படி எடுக்கறேன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. பெரிய வித்தை ஒண்ணும் கிடையாது. மேடு வேணும், ஏரிக்கரை மாதிரி மேடு வேற எதுவும் இல்லை. காலையில ஏழு மணிக்குள்ள இல்லைன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல எடுங்க, உச்சி வெயில்ல வரப்பும் தெரியாது பள்ளமும் தெரியாது, எல்லாம் ஒரே மட்டமா வரும். கிட்டத்துல ஒரு பனையோ மாடோ இருந்தாத்தான் தூரம் எவ்வளவுன்னு பார்க்கறவங்களுக்குப் புரியும். வானத்துக்குப் பாதி இடம் குடுக்காதீங்க, வானம் எங்க போனாலும் வானந்தான். நடவு ஆளுங்க இருந்தா கேட்டுட்டு எடுங்க. அணுமின் நிலையம் பக்கம் போனையே தூக்காதீங்க, போர்டு வச்சிருக்கு, அப்புறம் விசாரணைன்னு உக்கார வச்சிடுவாங்க.

முக்கியமா ஒண்ணு. ஒரே இடத்தை வருஷத்துல மூணு தடவை எடுங்க, சித்திரையில, ஐப்பசியில, மாசியில. தேதியும் இடமும் படத்தோட பதியற மாதிரி போன்ல வச்சுக்குங்க.

இந்தப் பழக்கத்தால எங்க வீட்டுக்குள்ளயே ஒரு சண்டை வந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.

எங்க ஊர் தாங்கலுக்குக் கீழ்ப்பக்கம், கலங்கலை ஒட்டினாப்ல, என் பங்காளிக்கு ஒரு ஏக்கரா நாப்பது சென்ட் இருக்கு. எனக்குத் தம்பி முறை. தாங்கல் ரொம்பி வழிஞ்சா தண்ணி அவன் நிலத்து மேலதான் பரவி கால்வாய்க்குப் போகும். அதுக்கு மேல்பக்கம் என்னோட ரெண்டு ஏக்கரா. அவன் அதை மனை போடற ஒரு கம்பெனிக்குப் பேசி முன்பணம் வாங்கிட்டான். அவங்க ஒரு நோட்டீஸ் அடிச்சாங்க, 'இயற்கை எழில் சூழ்ந்த மனைகள்'. படம் மாசியில எடுத்தது. பச்சைப் புல்லு, சாய்ஞ்ச பனை ஒண்ணு, பின்னாடி தாங்கல் கரை. படத்தை நல்லாத்தான் எடுத்திருந்தாங்க, குறை சொல்ல முடியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை சென்னையில இருந்து ஒரு வாத்தியார் குடும்பம் இடம் பார்க்க வந்துது. கம்பெனி ஆள் போன்ல பேசிக்கினு தள்ளிப் போயிட்டான். வாத்தியார் வரப்புல நின்ன என்னைக் கேட்டார், "ஐயா, இங்க தண்ணி எப்படி?"

"குடிக்கற தண்ணியா, நிக்கற தண்ணியா?"ன்னேன்.

அவர் முழிச்சார். ஐப்பசியில எடுத்த படத்தைக் காட்டினேன். முழங்கால் தண்ணி, அதுல ரெண்டு கொக்கு. அந்தம்மா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதே இடமா?"ன்னாங்க. சாய்ஞ்ச பனையைக் காட்டினேன். தேதியைக் காட்டினேன். அவங்க ஒண்ணும் சொல்லலை, கார்ல ஏறிப் போயிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் தம்பி வீட்டு வாசல்ல வந்து நின்னான். "அண்ணே, என் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்த ஒரே சொத்து அது. படம் காட்டி என் வாயில மண்ணைப் போட்டுட்டியே"ன்னான். அந்தப் படங்களை அழிச்சிடுன்னான். அழிக்க மாட்டேன்னேன். ஏக்கருக்கு பன்னெண்டு மூட்டை எடுத்துக்கினு எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்றதுன்னு கேட்டான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. எனக்கும் அதே கணக்குதான். ஆனா அங்க மண்ணைக் கொட்டி மூணடி ஒசத்திட்டா வழியற தண்ணி என் ரெண்டு ஏக்கராவுலதான் திரும்பி நிக்கும். வீடு கட்டினவன் வீட்டுலயும் நிக்கும். அதையும் சொன்னேன். அவன் கேக்கற மனசுல இல்லை.

ஏரி குளத்தைக் காப்பாத்த தமிழ்நாட்டுல 2007-ல தனிச் சட்டம் போட்டாங்க. ஊர்ப் பொது நிலத்தை மீட்டுக் குடுக்கணும்னு 2011 ஜனவரியில உச்ச நீதிமன்றம், பஞ்சாப் வழக்கு ஒண்ணுல, எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டுச்சு. ஆனா இது தாங்கல் கிடையாது, புறம்போக்கும் கிடையாது. அவன் பட்டா நிலம். விக்கறது அவன் உரிமை, அதை நான் மறுக்கலை. தண்ணி போற வழியைக் குழாய் போட்டாவது விட்டுட்டு மனை பிரிங்கன்னு கம்பெனி ஆள்கிட்ட சொன்னேன். பார்க்கலாம் சார்ன்னான். எனக்கு சார் போட்டு அவன் பேசினது அன்னிக்குத்தான் முதல் தடவை.

இந்த ஐப்பசியிலயும் தாங்கல் வழிஞ்சுது. நட்ட கல்லுல நாலு தலை முங்கிடுச்சு, மஞ்சள் பெயிண்ட் மட்டும் தண்ணிக்குள்ள மங்கலா தெரிஞ்சுது. கரை மேல நின்னு ஏழு படம் எடுத்தேன். யாருக்கும் இன்னும் அனுப்பலை. மாசியில மறுபடியும் இடம் பார்க்க ஆள் கூட்டிக்கினு வருவாங்கன்னு பேச்சு. கேட்டா காட்டுவேன். கேக்காம நானாப் போய் யார்கிட்டயும் காட்டறதில்லைன்னு வச்சிருக்கேன்.

தம்பி பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம்னு சொல்றாங்க. பத்திரிகை வச்சா குடும்பத்தோட போவேன்.